வெள்ள காலத்தில் செல்லப் பிராணிகளைப் பாதுகாப்பது எப்படி?

கேரளத்தில் 2018 ஆகஸ்ட் மாதம் பெருவெள்ளம் சூழ்ந்தபோது, திருச்சூரில் பெண் ஒருவர் மீட்புப் படகில் ஏற மறுத்துவிட்டார். தாம் வளர்த்த 25 நாய்களையும் உடன் அழைத்துச் செல்ல வேண்டும் என்பதே அவரது நிபந்தனை. விலங்கு மீட்புக் குழுவினர் வந்த பிறகே அவர் வீட்டைவிட்டு வெளியேறினார். செல்லப் பிராணிகளுக்கான முன்னேற்பாடு இல்லாதபோது மனிதர்களை மீட்கும் பணியும் தாமதமாகும் என்பதற்கு இச்சம்பவம் சான்று.

நிவாரண முகாம்கள் பலவற்றில் விலங்குகளுக்கு இடமிருப்பதில்லை. எனவே, மேடான பகுதியில் வசிக்கும் உறவினர் அல்லது நண்பரிடம் மழைக்காலத்திற்கு முன்பே பேசி வைப்பது நல்லது. தடுப்பூசி அட்டை, ஒரு வாரத்திற்கான உணவு, குடிநீர், வழக்கமான மருந்துகள், கழுத்துப்பட்டை, உரிமையாளருடன் பிராணி இருக்கும் புகைப்படம் ஆகியவற்றை ஒரே பையில் வைத்திருக்க வேண்டும். கழுத்துப்பட்டையில் தொலைபேசி எண் இருப்பது அவசியம். மிரண்ட பூனையைக் கையில் தூக்கிச் செல்ல இயலாது. கூடை இல்லாவிடில், காற்றுப் புகும் பருத்தித் தலையணை உறை அந்நேரத்திற்கு உதவும்.

எந்தச் சூழலிலும் விலங்கைக் கட்டிப்போட்டோ கூண்டில் பூட்டியோ விட்டுச் செல்லக் கூடாது. வெள்ளத்தின்போது கால்நடைகளை அவிழ்த்துவிடுமாறு தேசிய பேரிடர் மேலாண்மை ஆணையமும் அறிவுறுத்துகிறது. கட்டவிழ்ந்த விலங்கு நீந்தியேனும் மேட்டை அடையக்கூடும். சங்கிலியில் இருப்பதற்கு அந்த வாய்ப்பே இல்லை.

நீர் வடிந்த பின்னரும் ஆபத்து தொடர்கிறது. எலிகளின் சிறுநீர் கலந்த நீரால் எலிக்காய்ச்சல் பரவுகிறது. 2018 வெள்ளத்தைத் தொடர்ந்து கேரளத்தில் இந்நோய் உயிர்களைப் பறித்தது. தடுப்பு மருந்தாக டாக்சிசைக்ளின் மாத்திரைகளை அரசு வழங்கியது. நாய்களையும் தாக்கும் இந்நோய், அவற்றின் சிறுநீர் வழியே வீட்டில் உள்ளவர்களுக்கும் தொற்றலாம். காய்ச்சல், வாந்தி, உணவு மறுப்பு, கண்களில் மஞ்சள் நிறம் ஆகியவை அறிகுறிகள். தொற்று ஏற்பட்டு 5 முதல் 14 நாட்களில் இவை தென்படலாம் என்பதால், வெள்ளம் வடிந்து இரு வாரங்கள் வரையாவது கவனம் தேவை. நாய்களுக்கான தடுப்பூசி முதன்முறை 2 முதல் 4 வார இடைவெளியில் இரு தவணைகளாகவும், பின்னர் ஆண்டுதோறும் செலுத்தப்படுகிறது. நீர் சூழ்ந்த பிறகு அதைத் தேடிப் பயனில்லை.

வெள்ள நீரில் நனைந்த பிராணியைக் கையுறை அணிந்து சோப்பு நீரில் குளிப்பாட்டி, விரலிடுக்குகள் வரை ஈரம் போகத் துடைக்க வேண்டும். தேங்கிய நீரைக் குடிக்க விடக் கூடாது. வீட்டிற்குள் அனுமதிக்கும் முன் பாம்புகள், அறுந்த மின்கம்பிகள், அடித்து வரப்பட்ட எலி மருந்து ஆகியன உள்ளனவா எனப் பார்ப்பது அவசியம். காய்ச்சல் கண்ட பூனைக்குப் பாராசிட்டமால் கொடுப்போர் உண்டு; பூனையைக் கொல்ல ஒரு மாத்திரையே போதும்.

மிரண்ட விலங்கு கடித்தாலோ பிறாண்டினாலோ, காயத்தைச் சோப்பிட்டு ஓடும் நீரில் 15 நிமிடங்கள் கழுவி, அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்தி சேவை செயல்படும் மாநிலங்களில் 1962 என்ற கட்டணமில்லா எண்ணில் உதவி கோரலாம்.