மொறிஸ் மைனரும் கொழும்பும்

வெட்டித் திருத்தப்படுவது மொறிஸ் மைனருக்குப் பிறவியிலேயே வாய்த்த குணமாகும். அதனை வடிவமைத்த அலெக் இசிகோனிஸ், மாதிரி வண்டி ஒடுங்கித் தோன்றுகிறதென்று கருதி, அதனை நெடுக்காக இரண்டாகப் பிளந்து நான்கு அங்குலம் அகலமாக்கினார். முன்னரே செய்து வைத்திருந்த பம்பர்களும் நடுவே வெட்டப்பட்டு ஒட்டுப்போடப்பட்டன. 1948இல் இலண்டனில் அரங்கேறிய அவ்வண்டியின் உற்பத்தி 1960 டிசம்பரில் பத்து இலட்சத்தை எட்டியது.

இலங்கையில் அதன் ஆயுளை நீட்டியது அன்பு மட்டுமன்று, இல்லாமையுமே. 1960களில் அந்நியச் செலாவணி அருகியதால் மோட்டார் வண்டி இறக்குமதி இறுக்கப்பட்டது. 1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்படும்வரை, இருந்த வண்டியைக் காப்பதன்றி வேறு வழியில்லை. வெள்ளவத்தையின் உப்புக்காற்று தின்ற தகட்டுக்கும், கொட்டாஞ்சேனையின் நெரிசலில் தேய்ந்த பற்சில்லுக்கும் பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளே புகலிடமாயின. 1990களிலோ நிலை தலைகீழாயிற்று. இலங்கையில் அடித்துச் செய்த மைனர் தகடுகள், வண்டி பிறந்த இங்கிலாந்துக்கே ஏற்றுமதியாயின! 2020 மார்ச்சு முதல் 2025 தொடக்கம்வரை தனியார் கார் இறக்குமதி மீண்டும் நின்றபோது, பழைய வண்டிகளின் விலை உயர்ந்தது.

பழைய 803 கன சதமமீற்றர் எஞ்சினை அகற்றி, ஜப்பானிய எஞ்சினைப் பூட்டுவோரும் உளர். அதனைக் குறை கூறுதல் பொருந்தாது. பிரேக்கையும் உடன் வலுப்படுத்தினால் போதும். ஆயின் முன்சில்லைத் தாங்கும் மரைபூட்டிய கீழ்மூட்டுக்குக் காலந்தவறாது கிறீஸ் இடாதொழிந்தால், எஞ்சின் எந்நாட்டினதாயினும் சில்லு ஒருநாள் நடுவீதியில் சரிந்துவிடும்.