படகுக் கூலியும் பயணியின் உயிரும்

விடுமுறை நாளில் கடற்கரைக்குச் செல்லும் குடும்பத்தார், கரையோரம் நிற்கும் படகொன்றை அரைமணி நேரத்துக்கு அமர்த்திக்கொண்டு நீரில் உலவி வருவது இக்காலத்தில் மிகச் சாதாரணமான நிகழ்ச்சி. தலைக்கு இவ்வளவு என்று கூலி பேசப்படுகிறது. குழந்தைகளுக்குப் பாதியா முழுமையா என்று சிறிது வாதாட்டம் நடக்கிறது. பிறகு அனைவரும் ஏறிக்கொள்கின்றனர். எழுத்தில் எதுவும் இல்லை, சாட்சிகளும் இல்லை. ஆயினும் அந்தச் சில நொடிப் பேச்சில் ஒரு குடும்பத்தின் உயிர் முழுவதும் முன்பின் அறியாத ஒருவரின் பொறுப்பில் ஒப்படைக்கப்பட்டு விடுகிறது.

2023 மே 7ஆம் நாள் மாலை, கேரளத்தின் மலப்புறம் மாவட்டத்துத் தானூரில், தூவல் தீரம் கடற்கரையை ஒட்டிய முகத்துவாரத்தில் உல்லாசப் படகொன்று கவிழ்ந்தது. 22 பேர் மாண்டனர். அவர்களுள் குழந்தைகள் பலர்; ஒரே குடும்பத்தைச் சேர்ந்தோரும் பலர். மீன்பிடிப்புக்காகக் கட்டப்பட்டுப் பின்னர் உல்லாசச் சவாரிக்கு மாற்றியமைக்கப்பட்ட படகு அது. தாங்கக்கூடிய அளவுக்கு மேல் ஆள்களை ஏற்றியிருந்தது. கூலி கொடுத்தவர்களுக்கும் வாங்கியவர்களுக்கும் இடையே அங்கு நிகழ்ந்தது என்ன? கூலியைப் பெற்றவர் எதற்குப் பொறுப்பேற்றார்? புதிதாகத் தோன்றும் இவ்வினாக்கள் மிகப் பழையவை. இஸ்லாமிய உலகின் சட்ட அறிஞர்களும் பயணிகளும் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இவற்றைச் சிந்தித்துள்ளனர். அந்த வரலாற்றின் சில பக்கங்களைப் புரட்டிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

கூலி வாங்காத படகு

திருக்குர்ஆனின் அல்கஹ்ஃபு அத்தியாயத்தில் மூஸா (அலை) அவர்களும் கிள்ரு (அலை) அவர்களும் ஒரு படகில் ஏறிச் செல்லும் வரலாறு யாவரும் அறிந்ததே. அப்படகு கடலில் உழைத்துப் பிழைக்கும் ஏழைகளுக்குச் சொந்தமானது என்று அவ்வத்தியாயமே குறிப்பிடுகிறது. புகாரியில் இடம்பெறும் நபிமொழி மேலும் ஒரு செய்தியைத் தருகிறது. படகினர் கிள்ரை அடையாளம் கண்டுகொண்டு இருவரையும் கூலியின்றி ஏற்றிக்கொண்டனர். அங்குப் படகுக்கூலியைக் குறிக்க ஆளப்படும் அரபுச்சொல் 'நவ்ல்' என்பது. படகின் பலகையைக் கிள்ரு பெயர்த்தபோது மூஸா (அலை) அவர்கள் எழுப்பிய மறுப்பும் இதனை ஒட்டியே அமைகிறது. கூலி வாங்காமல் நம்மை ஏற்றிக்கொண்டவர்களின் படகையா சேதப்படுத்துகிறீர் என்பது அம்மறுப்பின் சாரம்.

இவ்வரலாற்றின் ஆன்மிகப் பொருளை விரிவுரையாளர்கள் பலவாறு விளக்கியுள்ளனர். நாம் கவனிக்க வேண்டியது அதன் உலகியல் பின்னணியை. கலத்துக்கு உரியவர்கள் ஏழைகள்; அதுவே அவர்களது பிழைப்பு. ஏறியவர்கள் அவர்களுக்குக் கடன்பட்டவர்கள். கலத்தின் பலகையோ அதில் உள்ள அனைவரின் உயிருக்கும் காப்பு. படகோட்டியின் பிழைப்பு, பயணியின் கடமை, பலகையின் உறுதி ஆகிய மூன்றையும் சுற்றியே பிற்காலச் சட்டச் சிந்தனை வளர்ந்தது.

டைகிரிசில் உலாப் படகுகள்

படகை அமர்த்துவது வாணிகத்துக்கும் ஹஜ்ஜுக்கும் மட்டும் உரியதாக இருக்கவில்லை. அப்பாசியர் காலத்துப் பக்தாதில் டைகிரிசு ஆறே நகரின் பெருந்தெருவாக விளங்கிற்று. கலீஃபா அல்அமீன் (ஆட்சி கி.பி. 809–813) சிங்கம், யானை, கழுகு முதலிய உருவங்களில் உல்லாசப் படகுகளைச் செய்வித்ததும், கவிஞர் அபூ நுவாஸ் அவற்றைப் பாடியதும் இலக்கிய வரலாற்றில் புகழ்பெற்றவை. ஆனால் அவை அரசரின் படகுகள். பொதுமக்கள் ஏறியவை 'சுமைரிய்யா' எனப்பட்ட சிறு வாடகைப் படகுகள். கி.பி. 9ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், அல்முவஃப்பக் அதிகாரம் செலுத்திய காலத்தில் இப்படகுகள் எண்ணப்பட்டபோது 30,000 இருந்தன என்றும், அவற்றை ஓட்டியவர்களின் நாள் வருவாய் 90,000 திர்ஹம் என மதிப்பிடப்பட்டது என்றும் பக்தாதின் வரலாற்றை எழுதிய அல்கதீப் அல்பக்தாதி குறித்துள்ளார். இவ்வெண்ணிக்கை மிகைப்பட்டதாகவே இருப்பினும், படகு வாடகை ஒரு பெருநகரின் அன்றாட வாழ்வோடு எவ்வளவு பிணைந்திருந்தது என்பதை இது உணர்த்துகிறது. படகொன்றுக்கு நாளொன்றுக்கு மூன்று திர்ஹம் என்பதே கணக்கு. அம்மூன்று திர்ஹத்தை நான்காக்க வேண்டுமெனில் இன்னும் சிலரை ஏற்றியாக வேண்டும். ஆபத்து தொடங்கும் இடம் அதுவே.

முஹ்தஸிபின் கடமை

இந்த இடத்தில்தான் சந்தைக் கண்காணிப்பாளராகிய முஹ்தஸிப் குறுக்கிட்டார். எடைக்கல்லையும் ரொட்டியின் அளவையும் சோதிக்கும் அதே அலுவலர் படகுத்துறைக்கும் வருவார். சலாஹுத்தீன் அய்யூபி காலத்துச் சிரியாவில் வாழ்ந்த அஷ்ஷைஸரி, முஹ்தஸிபுகளுக்கென ஒரு கையேட்டை இயற்றினார். அதில் படகு உரிமையாளர்களுக்கான விதிகள் சுருக்கமாகவும் தெளிவாகவும் அமைந்துள்ளன. மூழ்கும் அச்சம் இருப்பதால் வழக்கமான அளவுக்கு மேல் பாரம் ஏற்றக் கூடாது. காற்று கடுமையாக வீசும் வேளையில் கலத்தைச் செலுத்தக் கூடாது. ஆண்களோடு பெண்களையும் ஏற்றினால் இடையே தடுப்பு அமைக்க வேண்டும்.

இங்கு ஒரு நுட்பம் உண்டு. மிகுபாரம் ஏற்றுவதற்குப் பயணியர் இசைந்தார்களா என்று அவ்விதி கேட்கவில்லை. வாடகை என்பது இருவரின் இசைவால் உண்டாகும் ஒப்பந்தம். ஆயினும் கலம் எவ்வளவு தாங்கும் என்பது இசைவால் முடிவாகும் செய்தி அன்று. கரையில் நிற்பவருக்குக் கலத்தின் உள்நிலை தெரியாது, தெரிந்தவர் உரிமையாளர். எனவே தெரியாதவரின் சார்பில் பொது அதிகாரி ஒருவர் அங்கு நின்றாக வேண்டும் என்பதே இவ்விதியின் உட்கிடை.

கரை சேர்ந்தால்தான் கூலி

படகு வாடகைக்கென்றே தனி நூல் ஒன்றும் எழுந்தது. ஆண்டலூசியாவில் வேர்கொண்டு அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த முஹம்மது இப்னு உமர் அல்கினானி (மறைவு ஹிஜ்ரி 310 / கி.பி. 923) இயற்றிய 'கிதாபு அக்ரியதிஸ் ஸுஃபுன்' என்பதே அது. 'கப்பல் வாடகைகளும் கப்பலைச் சார்ந்தோரிடையே எழும் வழக்குகளும்' என்று அதன் முழுத்தலைப்பைத் தமிழில் கூறலாம். துறைமுகத்தில் அன்றாடம் எழும் பிணக்குகளுக்கு மாலிக்கி அறிஞர்கள் வழங்கிய தீர்வுகளின் திரட்டாக அது அமைந்துள்ளது. புயலில் பாரத்தைக் கடலில் எறிந்தால் அவ்விழப்பை யார் ஏற்பது, கலம் பாதி வழியில் பழுதுற்றால் கூலி என்னாவது என்பன போன்ற வினாக்கள் அதில் ஆராயப்படுகின்றன.

மாலிக்கி அறிஞர்கள் முதலில் வாடகையை இரண்டாகப் பிரித்தனர். 'இந்தக் கலம்' என்று சுட்டிப் பேசுவது ஒன்று. எக்கலத்திலேனும் இன்ன இடத்துக்குக் கொண்டு சேர்ப்பதாக உறுதி கூறுவது மற்றொன்று. முன்னதில் அக்கலம் அழிந்தால் ஒப்பந்தமும் முடிவுறும். பின்னதில் வேறு கலம் கொடுத்தாக வேண்டும். 'எந்தப் படகு?' என்ற வினாவுக்குக் கரையிலேயே விடை பெற்றுக்கொள்ள வேண்டியதன் காரணம் இதுவே.

மற்றொரு வினா இன்னும் ஆழமானது. பாதி வழியில் கலம் மூழ்கி, பயணியர் உயிர் பிழைத்தனர் என்று கொள்வோம். உரிமையாளருக்குப் பாதிக் கூலி உண்டா? தரைவழிப் பயணத்தில் ஒட்டகம் பாதி வழியில் வீழ்ந்தால் கடந்த தொலைவுக்கு ஏற்பக் கூலி உண்டு. இமாம் மாலிக் (ரஹ்), கடலுக்கு இந்நெறி பொருந்தாது என்றார்கள். அவர்களது மாணவர் இப்னுல் காசிமும் அவ்வாறே கருதினார். கடற்பயணத்தின் கூலி 'பலாக்', அதாவது சென்று சேர்தல் என்பதன் மீது நிற்கிறது. சேராவிடில் கூலி இல்லை. மற்றொரு மாணவராகிய இப்னு நாஃபிஉ இதிலிருந்து வேறுபட்டு, கடந்த தொலைவுக்கு ஏற்பக் கூலி உண்டு என்றார்.

இரு தரப்பிலும் நியாயம் இருப்பதை எளிதில் உணரலாம். பாலைவழியில் பாதித் தொலைவு சென்றவர் ஓர் ஊரிலேனும் கிணற்றடியிலேனும் நிற்கிறார். மீதியை வேறு வகையில் கடக்கலாம். நடுக்கடலில் நிற்பவருக்குப் பாதித் தொலைவு என்பது எப்பயனும் அன்று. இது மாலிக் (ரஹ்) அவர்களின் கருத்துக்கு வலுச் சேர்க்கிறது. ஆனால் கடலில் உழைக்கும் ஏழை மாலுமியின் வியர்வை பொய்யன்று. காற்றையும் அலையையும் அவன் படைக்கவில்லை. இது இப்னு நாஃபிஉ அவர்களின் கருத்துக்குத் துணைநிற்கிறது. எனினும் 'பலாக்' என்னும் கோட்பாட்டில் பொதிந்துள்ள உண்மை தெளிவானது. பயணி விலைக்கு வாங்குவது பலகையில் ஓர் இடத்தை அன்று. நலமாகக் கரை சேர்தலையே.

ஐதாபும் மெஸீனாவும்

சட்டம் இவ்வாறிருக்க நடைமுறை எவ்வாறிருந்தது என்பதற்கு ஆண்டலூசியப் பயணி இப்னு ஜுபைர் சான்று பகர்கிறார். கி.பி. 1183இல் ஹஜ்ஜுக்குச் சென்ற அவர் செங்கடலின் ஆப்பிரிக்கக் கரையிலுள்ள ஐதாபிலிருந்து ஜித்தாவுக்குக் கடல் கடந்தார். அங்கு ஓடிய 'ஜல்பா' என்னும் கலங்களில் ஆணி இல்லை. பலகைகள் தென்னை நார்க் கயிற்றால் தைக்கப்பட்டிருந்தன. இது நம் சோழமண்டலக் கரையின் மசூலாப் படகுகளை நினைவூட்டும் கட்டுமுறை. குறை கட்டுமுறையில் இல்லை, பேராசையில் இருந்தது. கூட்டில் அடைத்த கோழிகளைப் போல ஹாஜிகள் ஒருவர் மேல் ஒருவராக ஏற்றப்பட்டனர் என்கிறார் அவர். ஒரே பயணத்தில் கலத்தின் விலை முழுவதையும் ஈட்டிவிடும் உரிமையாளர், அதற்குப் பின் கலத்துக்கு என்ன நேர்ந்தாலும் கவலைப்படுவதில்லை. பலகைக்கு மட்டுமே தாங்கள் பொறுப்பு, உயிரைக் காத்துக்கொள்வது ஹாஜிகளின் பாடு என்னும் பொருள்படும் சொல்வழக்கே அவர்களிடையே இருந்ததாம். முஹ்தஸிபின் கண்டிப்பு மிகக் கடுமையாகத் தேவைப்படும் ஊர் இதுவே என்று அவர் நொந்து எழுதினார்.

அவர் திரும்பும் பயணத்தில் மற்றொரு காட்சி. கி.பி. 1184 டிசம்பரில், அக்காவிலிருந்து அவர் ஏறிவந்த ஜெனோவாக் கப்பல் சிசிலியின் மெஸீனா அருகே இரவில் கரைதட்டி உடைந்தது. விடிந்ததும் சிறு படகுகள் சூழ்ந்தன. ஆனால் ஏற்றிச் செல்லப் பெருங்கூலி கேட்டன. கையில் காசில்லாத ஏழை முஸ்லிம்கள் உடையும் கலத்திலேயே நின்றனர். அப்போது மெஸீனாவில் இருந்த கிறித்தவ மன்னர் இரண்டாம் வில்லியம் இதனைக் கண்டார்; காரணத்தைக் கேட்டறிந்தார்; தம் காசில் நூறு ருபாயீ கொடுத்து அவர்களைக் கரை சேர்ப்பித்தார். இப்னு ஜுபைர் இதை இறையருளாகவே எழுதுகிறார். முஸ்லிம்கள் நடத்திய கலங்களின் கொடுமையைக் கண்டித்த அதே எழுதுகோல், வேற்றுச் சமயத்து மன்னரின் நற்செயலை நன்றியோடு பதிவு செய்தது. அந்நேர்மை நாம் கற்கத்தக்கது.

கள்ளிக்கோட்டையில் ஓர் அறை

ஏறத்தாழ 160 ஆண்டுகளுக்குப் பின், தில்லி சுல்தானின் தூதராகச் சீனம் செல்லக் கள்ளிக்கோட்டைக்கு வந்தார் இப்னு பதூதா. சீனப் பெருமரக்கலத்தில் தனியறை ஒன்று வேண்டும் என்று அவர் விரும்பினார். அறைகளையோ சீன வணிகர்கள் போகவும் வரவும் சேர்த்து முன்னரே அமர்த்தியிருந்தனர். கிடைத்த அறை சிறியது. அதில் கழிப்பிட வசதி இல்லை. எனவே தம் பொருள்களையும் பரிவாரத்தையும் அருகில் நின்ற சிறிய கலத்துக்கு மாற்றிவிட்டு, ஜும்ஆத் தொழுகைக்காகக் கரையில் தங்கினார். கடல் கொந்தளித்தது. பெருமரக்கலம் உடைந்து பலர் மாண்டனர். சிறிய கலத்தினர் அதனைக் கண்டதும் பாய் விரித்துச் சென்றுவிட்டனர். கரையில் நின்ற இப்னு பதூதாவிடம் எஞ்சியவை விரிப்பொன்றும் பத்துத் தீனாரும்.

கள்ளிக்கோட்டைக் கரையிலிருந்து தெற்கே சிறிது தொலைவில் உள்ளதுதான் தானூர்.

இரண்டையும் ஒன்றெனக் கூற முடியாது. முன்னது கொந்தளித்த கடலின் செயல். பின்னது தடுத்திருக்கக் கூடியது. இன்று விதிகளுக்குக் குறைவில்லை. 1917ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு மாற்றாக இந்தியாவில் 2021இல் இயற்றப்பட்ட உள்நாட்டுக் கலங்கள் சட்டம், கலங்களின் ஆய்வையும் பதிவையும் உயிர்காப்புக் கருவிகளையும் பற்றி விரித்துரைக்கிறது. தானூர் விபத்துக்குப் பின் கேரள அரசு நீதி விசாரணை ஆணையத்தையும் அமைத்தது. குறைவாக இருப்பது அஷ்ஷைஸரி குறிப்பிட்ட அந்த அலுவலர். கலம் கிளம்புவதற்கு முன்னரே துறையில் நின்று தலைகளை எண்ணுபவர்.

அவர் இல்லாத துறையில் அப்பணி பயணியையே சாரும். கூலி பேசும் நேரத்தில் கால்பங்கையாவது வேறு வினாக்களுக்குச் செலவிடலாம். இப்படகு எதற்காகக் கட்டப்பட்டது? எத்தனை பேருக்கு அனுமதி உண்டு? குழந்தைக்குப் பொருந்தும் உயிர்காப்பு உடை உள்ளதா? காற்று எப்படி இருக்கிறது? விடை மனநிறைவு தராவிட்டால் ஏறாமலிருப்பதால் இழப்பது அரைமணி நேர மகிழ்ச்சி மட்டுமே. நேர்மையான படகோட்டிக்கும் இவ்வினாக்கள் நன்மையே செய்யும். அளவோடு ஏற்றி நான்கு சவாரிக்குப் பதில் மூன்று சவாரி போகிறவருக்கு உரிய கூலியைப் பேரம் பேசாமல் கொடுப்பது நம் கடமை. மலிவான கூலியைத் தேடும் பயணியும் மிகுபாரத்துக்கு ஒரு வகையில் காரணமாகிறார். கடலில் உழைக்கும் ஏழையின் பிழைப்பையும் கலத்தில் ஏறியவரின் உயிரையும் ஒருசேரக் காக்கும் கூலியே முறையான கூலி.