கிழிந்த காதும் பக்தாத் போன நூலும்



எங்கள் வகுப்பில் ஒரு பிள்ளை. வீட்டில் சின்னத் தம்பி தோட்டைப் பிடித்து இழுத்ததில் காதுச்சோணை இரண்டாகக் கிழிந்துவிட்டது. பாடசாலையில் பர்தா மறைத்துவிடும். ஆனால் கலியாண வீடுகளுக்குப் போவதையே விட்டுவிட்டாள். "இனி ஒண்டும் செய்யேலாதாம் டீச்சர்" என்றாள்.

யார் சொன்னார்களோ! பழைய இந்திய மருத்துவ நூலான சுஸ்ருத சங்கிதையில், காது குத்தும் முறையைச் சொல்லும் அதே அத்தியாயத்திலேயே கிழிந்த சோணையைப் பொருத்த 15 முறைகள் வருகின்றன. இரண்டு துண்டும் ஒரே அளவா, ஒன்று நீளமா, மற்றது கட்டையா என்று பார்த்துத்தான் முறையைத் தெரிவு செய்ய வேண்டும். பொருத்திய இடத்தில் தேனும் நெய்யும் தடவி, பஞ்சும் துணியும் வைத்து, இறுக்காமலும் தளர்வாக விடாமலும் நூலால் கட்ட வேண்டும். சோணையே இல்லாதவருக்கு? கன்னத்துச் சதையை ஒரு பக்கம் ஒட்டியபடியே விட்டு வெட்டியெடுத்து, காதோடு பொருத்தச் சொல்கிறது. ஒட்டியிருக்கும் பக்கத்தால் இரத்தம் ஓடுவதால் அந்தச் சதை சாகாது. இன்றைய சத்திரசிகிச்சை நிபுணர்களும் இதே வழியைப் பயன்படுத்துகிறார்கள்.

இந்த நூல் பக்தாதுக்கும் போனது. கலீபா ஹாரூன் ரஷீதின் அமைச்சர் யஹ்யா பின் காலித் பர்மகீ கேட்டுக்கொள்ள, மன்கா என்ற இந்திய வைத்தியர் அதை அரபுக்குக் கொண்டுவந்தார். இமாம்களின் நூல்களைப் பதிந்த இப்னு நதீமின் 'பிஹ்ரிஸ்த்' இதையும் பதிந்திருக்கிறது. அறிஞர் ராஸீயும் தன் நூலில் 'சுஸ்ருத்' என்று எடுத்துக்காட்டுகிறார். பைத்துல் ஹிக்மா பாடத்தில் நாமோ கிரேக்க நூல்களை மட்டும் சொல்லிவிட்டுப் பக்கத்தைப் புரட்டிவிடுகிறோம். அது எங்கள் பிழைதான்.

ஐரோப்பாவில் 1597இல் இத்தாலியரான தாலியாகோட்சி, மூக்கு, உதடு, காது மூன்றையும் திருத்துவது பற்றித் தனி நூலே வெளியிட்டார்.

சோணை வெறும் தோலும் கொழுப்பும்தான். மேல்காது அப்படியல்ல. உள்ளே மடிப்பு மடிப்பாகக் குருத்தெலும்பு இருக்கிறது, அதற்குச் சொந்த இரத்தக்குழாய் கிடையாது. விபத்தில் அது போனால் திரும்ப உருவாக்குவது பெரும் பாடு. 1959இல் அமெரிக்க வைத்தியர் டான்சர், பிறவியிலேயே காது வளராத பிள்ளைகளுக்கு விலா எலும்பின் குருத்தைச் செதுக்கித் தோலுக்கடியில் வைத்துக் காது அமைத்த முறையை வெளியிட்டார். விபத்தில் காதை இழந்தவர்களுக்கும் அந்த வழி உதவியது.

எங்கள் பிள்ளைக்கு அவ்வளவு தேவையில்லை. சோணையை மட்டும் விறைக்கச் செய்து, ஆறிப்போன ஓரங்களை வெட்டித் தைத்தால் போதும். உம்மாவை அழைத்துப் பேசினோம். அடுத்த கிழமை ஆஸ்பத்திரி கிளினிக்குக்குப் போகிறார்கள்.