டொலர் பிறந்த ஊரும் மூச்சில் கலந்த நஞ்சும்

டொலர் என்ற சொல்லை ஒரு நாளேனும் உச்சரியாத தமிழர் இன்று அரிது. புலம்பெயர்ந்தோர் பலர் அதிற் சம்பளம் பெறுகின்றனர். ஊரில் இருப்போர் அதன் பெறுமதி ஏறியதா இறங்கியதா என்று பத்திரிகையிற் தேடுகின்றனர். ஆனால் அச்சொல்லின் பிறப்பிடம் அமெரிக்கா அன்று. செக் குடியரசின் வடமேற்கு எல்லையில், ஜேர்மனியை ஒட்டிய மலைத்தொடரில், மூவாயிரம் பேர்கூட வாழாத ஒரு சிறு நகரமே அது. செக் மொழியில் அதன் பெயர் யாகிமொவ். ஜேர்மன் மொழியில் யோவாகிம்ஸ்தால். அதாவது, கன்னி மரியாளின் தந்தையெனக் கத்தோலிக்கர் போற்றும் புனித சுவக்கீனின் பள்ளத்தாக்கு.

1516 ஆம் ஆண்டு அங்கு வெள்ளிச் சுரங்க நகரம் எழுந்தது. அந்த வெள்ளியில் வார்க்கப்பட்ட நாணயம் ஊரின் பெயரால் யோவாகிம்ஸ்தாலர் எனப்பட்டது. அது தாலர் எனச் சுருங்கி, நாடுகளைக் கடந்து, டொலர் ஆயிற்று. இருபது ஆண்டுகளுக்குள் சுமார் 18,000 மக்கள் அங்கு குவிந்தனர். பொஹீமியாவில் பிராக் நகருக்கு அடுத்த பெரிய நகரம் என்ற பெருமையும் அதற்குக் கிடைத்தது.

இந்த ஊரின் மீது எனக்கு ஈடுபாடு ஏற்பட்டது நாணயத்தினால் அன்று. 1986 ஏப்ரல் இறுதியில் நான் பத்திரிகையின் வெளிநாட்டுச் செய்திப் பகுதியில் இரவுப் பணியில் இருந்தேன். செர்னோபில் விபத்தை உலகம் அறியத் தொடங்கிய நாட்கள் அவை. சுவீடனில் கதிரியக்கம் பதிவாகிய பின்னரே மொஸ்கோ வாய் திறந்தது. விபத்தைவிட அந்த மௌனமே என்னை அதிகம் உறுத்தியது. ஆபத்தை அறிந்தவர் ஒருவர், அதைச் சுவாசிப்பவர் வேறொருவர் என்ற நிலை எப்போது தொடங்கியது எனத் தேடியபோது, அந்தத் தேடல் என்னை யாகிமொவுக்கு இட்டுச் சென்றது.

1527 ஆம் ஆண்டு இவ்வூரின் வைத்தியராக வந்தவர் கனிமவியலின் தந்தை எனப்படும் அக்ரிகோலா. சுரங்கத் தூசு நுரையீரலை அரிப்பதையும், கார்பாத்திய மலைச் சுரங்கப் பகுதிகளில் ஏழு கணவரை அடுத்தடுத்து இழந்த பெண்கள் இருந்ததையும் அவர் எழுதி வைத்தார். அந்நூல் அவர் மறைந்த மறு ஆண்டான 1556 இல் வெளிவந்தது. நோய் தெரிந்திருந்தது, காரணம் தெரியவில்லை.

வெள்ளி தீர்ந்த இடங்களில் தொழிலாளரின் உளியிற் பட்டது ஒரு கனத்த கறுப்புக் கல். பிட்ச்பிளெண்ட் என்று அதை அழைத்தனர். 'பெஹ்' என்ற ஜேர்மன் சொல்லுக்குத் தார் என்றும் பொருள், துரதிர்ஷ்டம் என்றும் பொருள். இவ்வகைக் கல்லிலிருந்தே 1789 இல் கிளாப்ரொத் என்ற இரசாயனவியலாளர் யுரேனியத்தை இனங்கண்டார். 19 ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் யாகிமொவில் யுரேனியச் சாயத் தொழிற்சாலை எழுந்தது. பொஹீமியக் கண்ணாடிக்கு மஞ்சளும் பச்சையும் ஊட்டிய அத்தொழிற்சாலை, தன் கழிவை வெளியே கொட்டியது.

அந்தக் கழிவைத்தான் மேரி கியூரியும் பியர் கியூரியும் ஒஸ்ரிய அரசிடம் கேட்டுப் பெற்றனர். பைன் மரத்தின் ஊசி இலைகள் கலந்த பழுப்பு மண்ணாகச் சாக்குகளில் அது பாரிஸ் போய்ச் சேர்ந்தது. 1898 இல் ரேடியம் இருப்பதை அறிவித்தவர்கள், தொன் கணக்கான கழிவைக் காய்ச்சி வடித்து, 1902 இல் ஒரு கிராமின் பத்திலொரு பங்கு ரேடியம் குளோரைட்டைப் பிரித்தெடுத்தனர். 1934 இல் மேரி கியூரி குருதிச்சோகையால் இறந்தார். அவருடைய குறிப்பேடுகள் இன்றும் ஈயப் பெட்டிகளிலேயே உள்ளன.

இதே காலத்தில் நம் நாட்டிலும் ஒருவர் கறுப்புக் கல் ஒன்றைக் கையில் எடுத்தார். இலங்கையின் கனிமவள ஆய்வுக்குப் பொறுப்பாக இருந்த ஆனந்த குமாரசுவாமியே அவர். அதனை யாகிமொவ் கல்லின் இனம் என்றே அவர் முதலில் கருதினார். 1904 இல் அது தோரியம் மிகுந்த புதிய கனிமம் எனத் தெரியவந்து, தோரியனைட் எனப் பெயர் பெற்றது. கலை வரலாற்றாசிரியராகவே நாம் அறிந்த குமாரசுவாமியின் இந்த முகம் பலருக்குப் புதிதாக இருக்கலாம்.

யாகிமொவுக்குத் திரும்புவோம். 1906 முதல் சுரங்க நீரில் நோயாளரைக் குளிக்கவைக்கும் சிகிச்சை அங்கு தொடங்கியது. 1912 இல் ரேடியம் பலஸ் என்ற பெரும் விடுதி திறக்கப்பட்டது. செல்வந்தர் மூட்டுவலி தீர அந்நீரில் அமிழ்ந்தனர். அதே நீர் ஊறும் பாறையைக் குடைந்தவர்கள் இருமி இறந்தனர். மலையின் மறுபுறத்திலுள்ள ஷ்னீபெர்க் சுரங்கத் தொழிலாளரைக் கொல்வது நுரையீரலில் வளரும் கட்டியே என்று இரு வைத்தியர்கள் 1879 இலேயே அறிவித்திருந்தனர்.

இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் ஊரின் ஜேர்மன் மொழி மக்களில் பெரும்பாலோர் வெளியேற்றப்பட்டனர். 1945 நவம்பரில் செக்கோஸ்லவாக்கியா சோவியத் ஒன்றியத்துடன் இரகசிய உடன்படிக்கை செய்தது. யாகிமொவின் யுரேனியம் ஸ்டாலினின் அணுகுண்டுத் திட்டத்துக்குச் சென்றது. முதலில் ஜேர்மன் போர்க்கைதிகளும், 1948 இல் கம்யூனிஸ்டுகள் ஆட்சியைக் கைப்பற்றிய பின்னர் அரசியற் கைதிகளும் முட்கம்பி வேலிக்குள் சுரங்கவேலை செய்தனர். பாதிரிமார், விவசாயிகள், மாணவர் எனப் பலதரப்பட்டோர் அங்கிருந்தனர். 1947 இலும் 1949 இலும் உலகக் கிண்ணத்தை வென்ற ஐஸ் ஹொக்கி அணியின் வீரர்களும் 1950 இல் தேசத்துரோகக் குற்றச்சாட்டில் தண்டிக்கப்பட்டனர். அவர்களிற் சிலர் யுரேனியச் சுரங்கத்துக்கு அனுப்பப்பட்டனர். பதினைந்து ஆண்டுத் தண்டனை பெற்ற பந்துகாப்பாளர் பொஹுமில் மொட்றி 1955 இல் விடுதலையானார். 1963 இல், 46 வயதில், இறந்தார்.

அருகிலுள்ள விக்மனொவில் ஒரு செங்கற் கோபுரம் இன்றும் நிற்கிறது. சுரங்கத்தாது அங்கு கைதிகளால் அரைக்கப்பட்டுப் பீப்பாய்களில் அடைக்கப்பட்டது. முகமூடி இல்லை, எச்சரிக்கையும் இல்லை. மரணத்தின் செங்கோபுரம் என்பது கைதிகள் அதற்கு இட்ட பெயர். 2019 இல் யுனெஸ்கோ இம்மலைப் பகுதியை உலக மரபுரிமையாக அறிவித்தபோது அக்கோபுரமும் பட்டியலில் இடம்பெற்றது.

முகாம்கள் 1961 இல் மூடப்பட்டன. யுரேனிய அகழ்வு 1964 இல் நின்றது. ஆனால் கதை அத்துடன் முடியவில்லை. பழைய தொழிற்சாலைக் கழிவு நல்ல மணலைப்போல் இருந்தமையால், அது பல வீடுகளின் சாந்தில் கலந்திருந்தது. பல வீடுகளின் அடியில் பழைய சுரங்க வழிகளும் ஓடின. கழிவிலுள்ள ரேடியம் பாதியாகக் குறையவே 1,600 ஆண்டுகள் வேண்டும். அதிலிருந்து பிறக்கும் ரேடொன் வாயுவுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை. குளிர்காலத்தில் கதவு யன்னல்களை அடைத்துக் கணப்பை மூட்டினால், சூடேறிய வீடு நிலத்தடி வாயுவை உள்ளே இழுத்துக்கொள்ளும். புகைத்தலுக்கு அடுத்து நுரையீரற் புற்றுநோய்க்கு முக்கிய காரணம் இவ்வாயு என உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. வெளியேற்றப்பட்டோரின் வீடுகளில் குடியேறிய புதியவர்களுக்குத் தம் சுவரில் என்ன பூசப்பட்டிருக்கிறது என்பதை யார் சொல்லியிருப்பார்கள்?

பிற்காலத்தில் அளவீடு வந்தது. படுக்கையறையில் ஒரு சிறு கருவியை மாதக்கணக்கில் வைத்து, காற்றின் ஒரு கன மீற்றரில் எத்தனை பெக்கரல் எனக் கணக்கிடுகின்றனர். செக் குடியரசில் ஆண்டுச் சராசரி 300 ஐத் தாண்டினால் திருத்தம் வேண்டும் என்பது வழிகாட்டல். தரையை வாயு புகாதபடி மூடுவதும், அடியிலுள்ள காற்றை விசிறியால் வெளியேற்றுவதும் வழிகள். இதற்கு அரச உதவியும் உண்டு. குளியற் சிகிச்சையும் நின்றுவிடவில்லை. 16 ஆம் நூற்றாண்டில் தோண்டப்பட்ட ஸ்வோர்னொஸ்த் சுரங்கத்தின் நீரில் நோயாளர் இன்றும் குளிக்கின்றனர். அதன் பயன் குறித்து மருத்துவ உலகில் ஒருமித்த கருத்து இல்லை. ஆயினும் எவ்வளவு நேரம் அமிழ்வது என்பதை அங்கு கடிகாரம் பார்த்தே தீர்மானிக்கின்றனர்.

கல்லும் அதுவே, வாயுவும் அதுவே. கைதிக்கும் குளிப்பவருக்கும் இடையிலுள்ள வேறுபாடு, தான் எவ்வளவு வாங்குகிறேன் என்பதை அறிந்துகொள்ளும் உரிமையும், எழுந்து போகும் உரிமையும்தான். ஏழு கணவரைப் புதைத்த பெண்ணுக்கு ஒரு கணக்கும் சொல்லப்படவில்லை. இன்று யாகிமொவில் ஒரு தாய் தன் குழந்தை உறங்கும் அறையின் எண்ணைக் கேட்டறியலாம், அஞ்சலாம், யன்னலைத் திறக்கலாம், தரையைத் திருத்தலாம். செய்தித் தொழிலில் என் வாழ்நாளைக் கழித்த எனக்கு, அந்த எண் ஒரு சிறு செய்தியாகத் தோன்றவில்லை. அது அவர்களைச் சென்றடைய ஏறக்குறைய ஐந்நூறு ஆண்டுகள் ஆயின.