கில் என்னும் ஓரசை

அயர்லாந்தின் நிலப்படத்தை விரித்து ஊர்ப்பெயர்களை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள், சொல்லன்பர்களே: கில்டேர், கில்கென்னி, கில்லார்னி, கில்மெய்னம். முன்னே வந்து வந்து நிற்கும் இந்தக் 'கில்', சிற்றறையைக் குறித்த 'கெல்லா' என்னும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. பிற்காலத்தில் பல ஐரோப்பிய மொழிகள் அதன் முதலொலியைச் சகரமாகத் திரித்துவிட, ஐரியமோ ககரத்தை அப்படியே காத்துக்கொண்டது.

பழைய ஐரியத்தில் அதன் எழுவாய் வடிவம் 'கெல்'. 'கில்' என்பது வேற்றுமை ஏற்ற வடிவம். ஊரைச் சொல்கிறவர்கள் 'இன்ன ஊரில்' என்றே மிகுதியும் சொல்வதால், அவ்வடிவமே நாளடைவில் எழுவாயாகவும் நிலைத்தது. பொருளும் விரிந்துகொண்டே போயிற்று: தனித்துறவியின் அறை, துறவியர் கூடிவாழும் மடம், கோயில், இடுகாடு. திருமுழுக்குப் பெறாமல் இறந்த குழந்தைகளைப் புதைத்த நிலத்துக்கு அதன் குறுமை வடிவமான 'கில்லீன்' பெயராயிற்று.

கில்டேர், ஐரிய வாய்மொழியில் 'கில் தாரா': ஓக் மரத்துக் கோயில். புனித பிரிஜித்து நிறுவியதாகப் போற்றப்படும் அம்மடத்தில் துறவியரும் கன்னியரும் ஒரே கோயிலில் வழிபட்டனர். இருசாராருக்கும் நடுவே பலகைத் தடுப்பு இருந்ததென ஏழாம் நூற்றாண்டுத் துறவி கொகிதோசுசு எழுதிவைத்தார். 'தாரா'வின் எழுவாய் 'தைர்'. அதுவும் மரத்தைக் குறிக்கும் வடமொழித் 'தாரு'வும் ஒரே தொல்வேரின் கிளைகள். அந்தத் 'தாரு'வைத்தான் நாம் கடன்பெற்றுத் 'தேவதாரு' என்கிறோம்! எத்தனை நெடும்பயணம் பாருங்கள்.

ஆயினும் கில்லெல்லாம் கோயிலாகா. காட்டைக் குறிக்கும் 'கொய்ல்' என்னும் ஐரியச் சொல்லும் ஆங்கில எழுத்தில் இதே உருவமோ 'கைல்' என்னும் உருவமோ கொள்ளும். கைல்மோரில் இன்று மடம் இருக்கிறது, பெயரிலோ 'பெருங்காடு'தான். பெனடிக்டுக் கன்னியர் அங்கே குடியேறியது 1920இல். பெயர் அவர்களுக்கு மூத்தது.

டப்ளினின் கில்மெய்னத்தை நினைத்தால் சொல்லின் போக்கு நெஞ்சை உலுக்குகிறது. மைக்னென் என்னும் புனிதரின் கோயில் என்பது அப்பெயரின் பொருள். இடைக்காலத்தில் புனித யோவான் அணியின் வீரத்துறவியர் அங்கே மடம் அமைத்தனர். 1796இல் சிறை திறந்தது. 1916 மே மாதத்தில் ஆங்கிலேயர் ஆட்சியை எதிர்த்த ஈஸ்டர் எழுச்சியின் தலைவர் பதினால்வர் அதன் முற்றத்தில் சுட்டுக்கொல்லப்பட்டனர். அவர்களை அடைத்துவைத்த அறையை ஆங்கிலத்தார் 'செல்' என்றனர். அதுவும் அதே 'கெல்லா'தான்.