அஞ்சலில் வந்த வரலாறு

வீட்டில் இருந்தபடியே, குறைந்த செலவில், வரலாற்றில் ஒரு பட்டம் பெற்று ஆசிரியராகிவிட முடியுமா? கல்லூரிகளில் பணியாற்றுகிற நம்மிடம் ஆண்டுதோறும் கேட்கப்படும் கேள்வி இது. கேட்பவர்களில் பெரும்பாலோர் மாணவர்கள் அல்லர். கடையில் கணக்கு எழுதுபவர், கைக்குழந்தையோடு வரும் பெண், தனியார் பள்ளியில் சொற்ப ஊதியத்துக்குப் பாடம் நடத்துபவர் என்று பலர். இணையம் வந்த பிறகு முளைத்த புதுமை என்று இதைக் கருதுவோர் உண்டு. உண்மையில் நம் பல்கலைக்கழகங்களின் பிறப்போடு சேர்ந்து பிறந்த கேள்வி இது.

1857இல் சென்னைப் பல்கலைக்கழகம் நிறுவப்பட்டபோது அதற்கு முன்மாதிரியாக இருந்தது லண்டன் பல்கலைக்கழகம். ஆக்ஸ்போர்டு போலவோ கேம்பிரிட்ஜ் போலவோ ஆசிரியரும் மாணவரும் சேர்ந்து வாழும் இடமாக அது அமையவில்லை. தேர்வு நடத்திப் பட்டம் வழங்குவதே அதன் தொழில். லண்டன் பல்கலைக்கழகம் 1858இல் ஒரு படி மேலே போய், எந்தக் கல்லூரியிலும் சேராதவரும் தன் தேர்வுகளை எழுதலாம் என்று கதவைத் திறந்துவிட்டது. இலங்கையில் 1921இல் தொடங்கிய பல்கலைக்கழகக் கல்லூரிகூட, 1942இல் இலங்கைப் பல்கலைக்கழகம் உருவாகும் வரை, லண்டனின் வெளிவாரித் தேர்வுகளுக்கே மாணவர்களை ஆயத்தம் செய்து வந்தது. யாழ்ப்பாணத்துப் பழைய ஆசிரியர்களின் பெயர்களுக்குப் பின்னால் 'லண்டன்' என்ற சொல்லைக் கண்டு, கப்பலேறிப் போய்ப் படித்தவர்கள் என எண்ணிவிடக் கூடாது. அவர்களில் பலர் தம் ஊர்ப் பள்ளியில் பாடம் நடத்திக்கொண்டே, இரவில் படித்துத் தேர்வெழுதியவர்கள்.

சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகளான சி. வை. தாமோதரம் பிள்ளையும் கரோல் விசுவநாத பிள்ளையும் கல்வி பெற்றது வட்டுக்கோட்டைச் செமினரியில். அந்தச் செமினரி 1855இலேயே மூடப்பட்டுவிட்டது. ஓரிடத்தில் கற்று, இன்னோரிடத்தில் தேர்வு எழுதி, பட்டத்தை மட்டும் பல்கலைக்கழகத்திடமிருந்து பெறுவது நமக்குக் குறையாகத் தோன்றத் தொடங்கியது பின்னாளில்தான்.

வரலாற்றுத் துறைக்கு வருவோம். தமிழில் வரலாறு எழுதிய பெருமக்களைப் பட்டியலிட்டால், அவர்களில் எத்தனை பேரிடம் வரலாற்றுப் பட்டம் இருந்தது என்ற கேள்வி சங்கடம் தரக்கூடியது. தி. வை. சதாசிவ பண்டாரத்தார் மெட்ரிகுலேஷனோடு நின்றவர். கும்பகோணம் வாணாதுறை உயர்நிலைப் பள்ளியில் இருபத்தைந்து ஆண்டுகள் தமிழாசிரியராக இருந்து, 1942இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துக்குப் போனார். 'பிற்காலச் சோழர் வரலாறு' என்ற அவருடைய நூலின் முதற்பகுதி 1949இல் வெளிவந்தது. மயிலை சீனி. வேங்கடசாமி சாந்தோமில் பள்ளி ஆசிரியர். 'பௌத்தமும் தமிழும்', 'சமணமும் தமிழும்' ஆகிய நூல்கள் அந்தப் பணிக்காலத்திலேயே வெளிவந்தவை. அவருக்கும் பட்டம் கிடையாது. 'பல்லவர் வரலாறு' எழுதிய மா. இராசமாணிக்கனாரோ பள்ளியில் வேலை பார்த்துக்கொண்டே வித்துவான், பி.ஓ.எல்., எம்.ஓ.எல். என்று ஒவ்வொன்றாக ஏறியவர். அவையும் தமிழ்ப் பட்டங்களே.

இதைச் சொல்வது பட்டமே வேண்டாம் என்று வாதிடுவதற்காக அன்று. (அப்படி வாதிடுவோர் பெரும்பாலும் கையில் பட்டம் வைத்திருப்பவர்களாகவே இருக்கிறார்கள்.) பண்டாரத்தார் இன்று உயிரோடிருந்தால், அவருடைய நூலைப் பாடமாகக் கொண்ட முதுகலை வகுப்பில் மாணவராகச் சேரக்கூட அவருக்குத் தகுதி இராது. அன்று அவரை அழைத்துப் பணி தருவதற்குப் பல்கலைக்கழகத்துக்கு இடமிருந்தது. இன்று சட்டத்தில் அந்த இடம் இல்லை. ஆகவே பட்டம் தவிர்க்க முடியாததாகிவிட்டது. அதனால்தான் அதை எங்கே, என்ன விலைக்கு, எந்தத் தரத்தில் வாங்குவது என்பது ஏழைக் குடும்பங்களுக்கு வாழ்க்கைப் பிரச்சினையாகிறது.

தனியே படித்துத் தேறியவர்களில் மு. வரதராசனாரின் கதை இவ்விடத்தில் பொருந்தும். தாலுகா அலுவலகத்தில் எழுத்தராக இருந்தவர். உடல்நலம் கெட்டு வேலையை விட்டவர். 1935இல் வித்துவான் தேர்வில் முதலிடம் பெற்று, திருப்பத்தூரில் பள்ளித் தமிழாசிரியரானார். 1939இல் பி.ஓ.எல்., 1944இல் எம்.ஓ.எல்., 1948இல் முனைவர் பட்டம். இப்படிப் படித்தவர் 1971இல் மதுரைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராகப் பொறுப்பேற்றார். அதே 1971இல்தான் மதுரையில் அஞ்சல்வழிக் கல்வியும் தொடங்கியது. இரண்டும் ஓராண்டில் நிகழ்ந்ததைத் தற்செயல் என்று சொல்லலாம். நமக்கு அது பொருத்தமாகவே படுகிறது.

இந்தியாவில் அஞ்சல்வழிப் பட்டப்படிப்பை முதலில் தொடங்கியது தில்லிப் பல்கலைக்கழகம், 1962இல். மதுரைக்குப் பின் அண்ணாமலை 1979இலும் சென்னை 1981இலும் அதற்கெனத் தனி அமைப்புகளை உருவாக்கின. இவற்றில் சேர்ந்தவர்களில் கணிசமானோர் ஏற்கெனவே ஆசிரியர்களாக இருந்தவர்கள். இடைநிலை ஆசிரியர் பட்டதாரி ஆசிரியராகவும், பட்டதாரி ஆசிரியர் முதுகலை ஆசிரியராகவும் உயர இது வழியாயிற்று. கூடுதல் பட்டத்துக்கு ஊக்க ஊதிய உயர்வும் உண்டு. (தமிழக அரசு 2020 மார்ச்சில் அம்முறையை நிறுத்தியது.) பழுப்பு உறையில் பாடக் கட்டு வரும், சனி ஞாயிறுகளில் ஏதோவொரு பள்ளிக் கட்டடத்தில் தொடர்பு வகுப்பு நடக்கும், ஐம்பது வயது தலைமையாசிரியரும் இருபத்திரண்டு வயது இளைஞரும் ஒரே பலகையில் அமர்ந்து குறிப்பெடுப்பார்கள்.

இவர்களில் பலர் வரலாற்றைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் வரலாற்றின்மேல் கொண்ட காதல் மட்டுமன்று. ஆய்வகம் வேண்டாம், கணக்கு வேண்டாம், தமிழிலேயே எழுதலாம், கட்டணமும் குறைவு. 'ஹிஸ்டரிதானே, படித்தால் பாஸ்' என்ற பேச்சு அப்படித்தான் பரவியது. இப்பேச்சு வரலாற்றுக் கல்விக்குச் செய்த தீங்கு பெரிது என்பது நம் கருத்து. பாடக் கட்டுகளை எழுதியவர்களும் அந்தப் பேச்சுக்கு உடன்பட்டே எழுதினார்கள். அரசன் பெயர், ஆண்டு, போர்கள், ஆட்சிமுறை, சமயம், கலை என்று தலைப்புகள் வரிசையாக நிற்கும். சான்று என்பது முதல் பாடத்தில் ஒரு பட்டியலாக வந்துவிட்டு, அதன்பின் தலைகாட்டாது.

தொலைவிலிருந்து வரலாறு கற்பிப்பது என்றாலே இப்படித்தான் முடியும் என்பதற்கில்லை. பிரிட்டனின் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தை எடுத்துக்கொள்வோம். 1963இல் ஹரால்ட் வில்சன் 'வான்வழிப் பல்கலைக்கழகம்' என்ற பெயரில் அறிவித்தபோது பலர் கேலி செய்தனர். ஜென்னி லீ என்ற அமைச்சரின் பிடிவாதத்தால் 1969இல் அதற்கு அரச சாசனம் கிடைத்தது. 1971இல் சேர்ந்த முதல் அணியில் தனிப்பெரும் தொழிற்பிரிவு பள்ளி ஆசிரியர்களே. பயிற்சிச் சான்றிதழ் மட்டும் வைத்திருந்து, பட்டமில்லாமல் இருந்தவர்கள். அங்கே முதல் வரலாற்றுப் பேராசிரியரான ஆர்தர் மார்விக், அவர்களுக்கான தொடக்கப் பாடத்தில் மன்னர்களின் பட்டியலிலிருந்து தொடங்கவில்லை. வரலாறு என்றால் என்ன, முதன்மைச் சான்றுக்கும் இரண்டாம் நிலைச் சான்றுக்கும் வேறுபாடு யாது, ஓர் ஆவணத்தை எப்படி வினவுவது என்பதிலிருந்து தொடங்கினார். மாணவர் எழுதி அனுப்பும் கட்டுரையை ஓர் ஆசான் படித்துத் திருத்திக் குறிப்பெழுதித் திருப்பி அனுப்புவது அம்முறையின் உயிர்நாடி. பிபிசியின் நள்ளிரவு ஒளிபரப்புகள் 2006இல் நின்றுபோயின. கட்டுரை திருத்தும் வழக்கம் நிற்கவில்லை.

நம் நாட்டில் அந்தப் பாணியைக் கொண்டுவந்தவை திறந்தநிலைப் பல்கலைக்கழகங்கள்: 1982இல் ஐதராபாத்தில் முதலாவது, 1985இல் இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம், 2002இல் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம். இக்னோவின் வரலாற்றுப் பாடங்கள் நம் பழைய பாடக் கட்டுகளைவிடப் பன்மடங்கு மேலானவை. ஒப்படைப்புகளுக்கு மதிப்பெண்ணும் உண்டு. ஆனால் அந்த ஒப்படைப்புகளுக்கு ஆயத்த விடைகளை விற்கும் வணிகமும் கூடவே வளர்ந்துவிட்டது. திருத்தி எழுதும் குறிப்பு கைக்கு வராவிட்டால் மாணவர் விடையை விலைக்கு வாங்குவதில் வியப்பென்ன?

மிகப் பெரிய அடி 2009இல் விழுந்தது. பள்ளிப் படிப்பை முடிக்காதவரும் வயதை மட்டும் காட்டித் திறந்தநிலை முறையில் நேரடியாகப் பட்டத்தில், சில இடங்களில் முதுகலையிலேயே, சேரலாம் என்றிருந்தது. அடிப்படைப் பட்டமின்றி அவ்வாறு பெற்ற முதுகலைப் பட்டம் செல்லாது என்று அண்ணாமலைப் பல்கலைக்கழகம் தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் அவ்வாண்டு தீர்ப்பளித்தது. பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு, மூன்றாண்டுப் பட்டம் என்ற வரிசையில் படிக்காதவர்களின் பட்டங்களை அரசுப் பணிக்கு ஏற்பதில்லை எனத் தமிழக அரசும் ஆணையிட்டது. விதியின் நியாயம் நமக்குப் புரியாமலில்லை. பள்ளிக் கல்வியே இல்லாமல் முதுகலை என்பது பல்கலைக்கழகங்கள் கட்டணத்துக்காகச் செய்த அவசரம். ஆனால் விளம்பரம் கொடுத்தது பல்கலைக்கழகம், தேர்வு நடத்தியது பல்கலைக்கழகம், பட்டத்தில் கையொப்பமிட்டது துணைவேந்தர்; வேலை இழந்து நின்றதோ பட்டம் பெற்றவர். கட்டணத்தைத் திருப்பிக் கேட்கக்கூட அவருக்கு வழி தெரியவில்லை.

எனவே இப்போது சேர நினைப்பவர் கட்டணத்தைப் பார்க்கும் முன் வேறு சிலவற்றைப் பார்த்துக்கொள்வது நலம். 2020இல் பல்கலைக்கழக மானியக் குழு தொலைநிலைக் கல்விக்கும் இணையவழிக் கல்விக்கும் சேர்த்து ஒழுங்குமுறை வகுத்தது. ஏற்பு பெற்ற நிறுவனம் இம்முறைகளில் தரும் பட்டம் நேரடி வகுப்புப் பட்டத்துக்கு இணையானது என்று 2022 செப்டம்பரில் தெளிவுபடுத்தவும் செய்தது. ஆனால் 'ஏற்பு பெற்ற' என்ற அடைமொழியில்தான் எல்லாம் இருக்கிறது. ஏற்பு பல்கலைக்கழகத்துக்கு மட்டுமன்று, அந்தப் பாடத்துக்கும் அந்தச் சேர்க்கைப் பருவத்துக்கும் சேர்த்தே தரப்படுகிறது. மானியக் குழுவின் தொலைநிலைக் கல்விப் பிரிவு வெளியிடும் பட்டியலில் தாம் சேரும் பருவத்துக்கு அப்பெயர் இருக்கிறதா என்று பார்க்காமல் பணம் கட்டக் கூடாது. வேறு மாநிலத்துப் பல்கலைக்கழகத்தின் பெயர்ப்பலகையைத் தெருமுனையில் கண்டால் கூடுதல் எச்சரிக்கை தேவை.

இன்னொன்று பலருக்குத் தெரிவதில்லை. வரலாற்றுப் பட்டம் மட்டும் ஒருவரை ஆசிரியராக்காது. பி.எட். வேண்டும், அதை முழுக்க இணையத்தில் படிக்க முடியாது. தொலைநிலை பி.எட். என்பது தொடக்கக் கல்வியில் பயிற்சி பெற்று ஏற்கெனவே பணியில் இருப்போருக்கானது. எட்டாம் வகுப்பு வரை கற்பிக்க ஆசிரியர் தகுதித் தேர்வும் உண்டு. முதுகலை ஆசிரியர் பணிக்கு இளங்கலையும் முதுகலையும் ஒரே பாடத்தில் இருக்க வேண்டும் என்று ஆசிரியர் தேர்வு வாரியத்தின் அறிவிப்புகள் கேட்கின்றன. தமிழ் இலக்கியம் படித்துவிட்டு எம்.ஏ. வரலாற்றில் சேர்வது அறிவுக்கு நல்லது. அந்தப் பணிக்கு உதவாது. ஆகவே குறைந்த செலவு என்று கணக்கிடும்போது பட்டத்தின் கட்டணத்தோடு, இரண்டு ஆண்டுகள் நேரில் சென்று படிக்க வேண்டிய பி.எட்.டின் செலவையும், அந்த ஆண்டுகளில் இழக்கும் வருமானத்தையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். இந்தக் கூட்டுத்தொகையை எந்த விளம்பரமும் சொல்வதில்லை.

செலவே இல்லாமல் கிடைப்பதும் இன்று ஏராளம். இக்னோவின் பாடங்கள் முழுவதும் அதன் இணையக் களஞ்சியமான 'இ-ஞான்கோஷ்' தளத்தில் யாரும் படிக்கக் கிடைக்கின்றன. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் பழைய வரலாற்று நூல்கள் குவிந்து கிடக்கின்றன. 'தென்னிந்தியக் கல்வெட்டுகள்' வரிசையின் பழைய தொகுதிகளும் இணையத்தில் உள்ளன. பண்டாரத்தார் ஊர் ஊராக நடந்து தேடியவற்றில் பல இப்போது கைப்பேசித் திரையில் வருகின்றன.

ஓர் உதாரணம் மட்டும் சொல்கிறோம். குடவோலை முறை நம் பள்ளிப் புத்தகத்திலும் உண்டு, முதுகலைப் பாடக் கட்டிலும் உண்டு. உறுப்பினராகக் கால்வேலி நிலமும் சொந்த மனையும் வேண்டும், வயது 35க்கு மேல், 70க்குக் கீழ் என்று மனப்பாடம் செய்திருப்போம். உத்திரமேரூரில் இதைச் சொல்லும் கல்வெட்டுகள் இரண்டு. இரண்டும் முதலாம் பராந்தகன் காலத்தவை. ஒன்று 919ஆம் ஆண்டைச் சேர்ந்தது, மற்றது 921ஆம் ஆண்டினது. முதலாவதில் வயது வரம்பு 30 முதல் 60 வரை. இரண்டே ஆண்டுகளில் அதே சபை கூடி 35 முதல் 70 என்று மாற்றியது. கணக்குக் காட்டாதவரையும் அவருடைய உறவினரையும் விலக்கும் பட்டியல் இரண்டாவதில் நீள்கிறது. இளையவர்களால் என்ன தொல்லை வந்தது? பணம் யார் கையில் சிக்கியது? எட்டாம் வகுப்புப் பிள்ளைகூட ஆர்வத்தோடு கேட்கக்கூடிய கேள்விகள் இவை. இரண்டு கல்வெட்டுகள் உண்டு என்று தெரிந்த ஆசிரியரால்தான் அந்தக் கேள்விகளை வகுப்பில் எழுப்ப முடியும். அவர் பட்டம் வாங்கியது அஞ்சலிலா, இணையத்திலா, நேரிலா என்பது அங்கே பொருட்டே அன்று.

அந்த இரண்டு கல்வெட்டுகளும் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் இருக்கின்றன. காஞ்சிபுரத்திலிருந்தும் செங்கல்பட்டிலிருந்தும் உத்திரமேரூருக்குப் பேருந்து உண்டு.