முதல் வியாழன் பிறந்த கதை

அமெரிக்காவில் எத்தனையோ சிற்றூர்களில் மாதத்துக்கு ஒரு சாயங்காலம் கடைத்தெரு களைகட்டும். ஓர் ஊரில் முதல் வெள்ளி, இன்னோர் ஊரில் இரண்டாம் சனி, வேறோர் ஊரில் கடைசி வியாழன். கேலரிகள் வழக்கமான நேரத்துக்கு மேலும் திறந்திருக்கும். கேலரி அதிகம் இல்லாத ஊரில் நகைக்கடை, காபிக்கடை, சலூன் என்று இடம் கொடுப்பவர்கள் சுவரிலெல்லாம் உள்ளூர்க்காரர்கள் வரைந்த படங்கள் தொங்கும். வரைந்தவரும் பெரும்பாலும் பக்கத்திலேயே நிற்பார். அனுமதிச் சீட்டு கிடையாது. ‘ஆர்ட் வாக்’ என்று இதைச் சொல்கிறார்கள். இந்த வழக்கத்தின் பூர்வீகத்தைத் தேடினால், சியாட்டில் நகரத்தின் பயனியர் சதுக்கத்துக்கு, 1981-ஆம் ஆண்டுக்குப் போக வேண்டும்.

சதுக்கம் என்று பெயர் இருந்தாலும் அது ஒரு பேட்டை. சியாட்டில் நகரம் வேர்விட்ட இடமே அதுதான். 1889 ஜூன் 6-ஆம் தேதி ஒரு தச்சுப் பட்டறையில் பசை காய்ச்சும்போது பற்றிய தீ, மரத்தால் கட்டியிருந்த வணிகப் பகுதியைத் தின்று தீர்த்தது. இனி மரமே வேண்டாம் என்று செங்கல்லிலும் கல்லிலும் திரும்பக் கட்டினார்கள். சேறும் சகதியுமாகக் கிடந்த தெருக்களையும் அதோடு மேலே தூக்கினார்கள். பழைய தரைத்தளங்கள் பூமிக்கு அடியில் போய்விட, அவற்றுக்கு முன்னால் இருந்த வெற்றிடத்தின் மேல் புதிய நடைபாதை வந்தது. இன்றைக்கும் அங்கே குனிந்து பார்த்தால் நடைபாதையில் வரிசை வரிசையாகச் சின்னக் கண்ணாடிக் கட்டங்கள் தெரியும். கீழே இருக்கும் இடத்துக்கு வெளிச்சம் போகட்டும் என்று பதித்தவை. பதித்தபோது அவற்றுக்கு நிறம் இல்லை. கண்ணாடி தெளிவாக இருப்பதற்காகச் சேர்த்த மாங்கனீசு, பல்லாண்டு வெயில் பட்டு அவற்றை ஊதாவாக்கிவிட்டது. அந்தப் பேட்டையின் வயதை இதைவிட அழகாகக் காட்டும் பொருள் வேறு இல்லை.

இருபதாம் நூற்றாண்டில் வியாபாரம் வடக்கே நகர்ந்துவிட்டது. பேட்டையில் மலிவான விடுதிகளும் சாராயக் கடைகளும் போக்கிடம் இல்லாதவர்களும் மிஞ்சினார்கள். 1960-களின் தொடக்கத்தில் சியாட்டில் ஹோட்டல் என்ற அருமையான பழைய கட்டடத்தை இடித்துவிட்டு, அங்கே கார் நிறுத்தும் கட்டடம் ஒன்றைக் கட்டினார்கள். அதைப் பார்த்துத்தான் பலருக்குச் சுரீர் என்றது. ரால்ஃப் ஆண்டர்சன் என்ற கட்டடக் கலைஞர் பாழடைந்த கட்டடங்களை வாங்கிப் புதுப்பிக்க ஆரம்பித்தார். கேலரி நடத்திய ரிச்சர்ட் வைட் போன்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். 1970-இல் அந்தப் பகுதி பாதுகாக்கப்பட்ட வரலாற்றுப் பகுதியானது. உயர்ந்த கூரை, பெரிய ஜன்னல், கையைக் கடிக்காத வாடகை என்று ஓவியர்களுக்குத் தேவையான எல்லாம் அங்கே இருந்தன. ஓவியர்கள் வர, கேலரிகளும் வந்தன.

ஆனால் கேலரி வந்துவிட்டால் ஜனங்கள் வந்துவிடுவார்களா? கேலரித் தொழிலில் புதுக் கண்காட்சியின் திறப்பு நாள்தான் முக்கியமான நாள். அன்றைக்கு வழக்கமாக வாங்குகிறவர்களுக்கும் தெரிந்தவர்களுக்கும் அழைப்பு போகும். அழைப்பு வராதவர் கண்ணாடிக் கதவுக்கு வெளியே தயங்கி நின்றுவிட்டுப் போய்விடுவார். உள்ளே போனால் வாங்கச் சொல்வார்களோ, ஏதாவது கேட்டால் பதில் தெரியாமல் விழிக்க வேண்டியிருக்குமோ என்ற கூச்சம். ஓவியத்தைப் புரிந்துகொள்வது கடினம் என்று பொதுவாகச் சொல்கிறோம். அதைவிடப் பெரிய தடை அந்த வாசற்படிதான் என்று நான் நினைக்கிறேன்.

1981-இல் பயனியர் சதுக்கத்து கேலரிக்காரர்கள் ஒரு முடிவுக்கு வந்தார்கள். தொழிலில் ஒருவருக்கொருவர் போட்டி. ஒரே வாடிக்கையாளரின் பணப்பையை நம்பி இருப்பவர்கள். அவர்கள் எல்லாரும் மாதத்தின் முதல் வியாழக்கிழமை மாலையில் ஒன்றாகத் திறப்பது என்று பேசி முடித்தார்கள். எந்த கேலரி எங்கே இருக்கிறது என்று காட்டும் வரைபடத்தை அச்சடித்துக் கையில் கொடுத்தார்கள். நடைபாதையில் அச்சுத் தகடு வைத்துக் காலடித் தடங்களை வரைந்தார்கள். அந்தத் தடத்தைப் பிடித்து நடந்தால் ஒரு கேலரி வாசலிலிருந்து அடுத்த கேலரி வாசலுக்குப் போய்விடலாம். அமெரிக்காவின் முதல் ஆர்ட் வாக் என்று இதைத்தான் சொல்கிறார்கள்.

செலவு என்று பார்த்தால் கொஞ்சம் பெயின்ட், கொஞ்சம் காகிதம். கணக்கோ மிகச் சரியான கணக்கு. ஒரு கேலரிக்காக யாரும் ஆபீஸ் முடிந்து மெனக்கெட்டு வரமாட்டார்கள். பத்துப் பதினைந்து கதவு ஒன்றாகத் திறந்திருந்தால் வருவார்கள். கூட்டத்தோடு கூட்டமாக நுழையும்போது கூச்சமும் போய்விடுகிறது. கேலரிகள் பொதுவாக மாதத்துக்கொரு முறை படங்களை மாற்றுவதால், போன மாதம் வந்தவருக்கும் இந்த மாதம் பார்க்கப் புதிதாக ஒன்று இருக்கும். நாளும் மாறாது. நம் ஊர் வாரச் சந்தைக்கு யாரும் நோட்டீஸ் அடிப்பதில்லை. கிழமை வந்தால் ஜனங்கள் தாமாக வருகிறார்கள். முதல் வியாழனும் அப்படித்தான் ஊரின் பழக்கமாயிற்று.

வழக்கம் மெல்லப் பரவியது. ஆரிகன் மாநிலத்தின் போர்ட்லாந்தில் 1986-இல் முதல் வியாழன் வந்தது. ஃபிலடெல்ஃபியாவின் பழைய நகரப் பகுதியில் 1991-இல் முதல் வெள்ளி. பிறகு பல ஊர்களிலும்.

போர்ட்லாந்தில் நடந்ததைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். அங்கே ஓவியர்கள் குடியேறிய பழைய கிடங்குகள் நிறைந்த பகுதி, பேரும் கூட்டமும் வந்த பிறகு நகரத்தின் விலையுயர்ந்த குடியிருப்பாகிவிட்டது. கிடங்குகள் சொகுசு வீடுகளாயின. 1997-இல் ஊரின் இன்னொரு மூலையில், ஆல்பர்ட்டா தெருவில், கடைசி வியாழன் என்று ஒன்றைத் தொடங்கினார்கள். முதல் வியாழனின் பகட்டுக்கு மாற்றாக, யாரும் ஒரு மேசையைப் போட்டு விற்கலாம் என்ற தோரணை. அதுவும் பெருகியது. கோடை மாதங்களில் தெருவையே அடைக்க வேண்டிய அளவுக்குக் கூட்டம். குடியிருப்பவர்கள் குப்பை, இரைச்சல் என்று புகார் சொல்ல, மாநகராட்சி தலையிட்டது. ஆல்பர்ட்டா தெருவிலும் வாடகை ஏறியது. தெருவுக்கு உயிர் கொடுத்தவரே அங்கே இருக்க முடியாமல் போவது எனக்கு ஆறாத வருத்தம். ஆனால் அதற்காக வழக்கத்தையே குறை சொல்ல மனம் வரவில்லை.

ஏனென்றால் ஆஸ்டோரியா போன்ற ஊர்கள் இருக்கின்றன. கொலம்பியா ஆறு கடலில் கலக்கும் இடத்தில், சுமார் பத்தாயிரம் பேர் வாழும் ஊர். அதன் கடைவீதியும் 1922 டிசம்பரில் எரிந்து, மறுபடி எழுந்தது. ஒரு காலத்தில் மீனை டப்பாவில் அடைக்கும் ஆலைகள் ஊருக்குச் சோறு போட்டன. ஆலைகள் போன பிறகு கடைவீதிதான் மிச்சம். அங்கே மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமை ஆர்ட் வாக். கேலரிகளோடு கடைகளும் உணவகங்களும் சேர்ந்துகொள்கின்றன. படம் பார்க்க வந்தவர் பசியாறுகிறார், பசியாற வந்தவர் படம் பார்க்கிறார். பெரிய நகரத்தில் கேலரிகளின் விளம்பர உத்தியாகத் தொடங்கியது சிற்றூரில் கடைக்காரர்களின் பிழைப்பாகவும் ஆகியிருக்கிறது. இந்த வழக்கம் உண்மையிலேயே பொருந்தி உட்கார்ந்த இடம் சிற்றூர்தான் என்பது என் எண்ணம்.

பயனியர் சதுக்கத்துக்கும் வாடகைச் சிக்கல் வந்தது. 2001 பிப்ரவரி நிலநடுக்கம் அந்தப் பழைய செங்கல் கட்டடங்களை நன்றாக உலுக்கியது. ஓவியர்கள் ஊரைவிட்டே போய்விடுவார்களோ என்ற கவலைக்கு ஒரு விடை 2004-இல் கிடைத்தது. ‘ஆர்ட்ஸ்பேஸ்’ என்ற லாப நோக்கமற்ற அமைப்பு தஷிரோ, காப்ளன் என்ற இரண்டு பழைய கட்டடங்களை ஒன்றாக்கி, கலைஞர்கள் தங்கி வேலை செய்ய 50 வீடுகளைக் குறைந்த வாடகையில் அமைத்தது. தரைத்தளத்தில் கேலரிகள், மேலே கலைஞர்களின் குடும்பங்கள். முதல் வியாழன் மாலை அவர்களில் பலர் தம் வேலைக்கூடங்களைத் திறந்து வைக்கிறார்கள். வந்தவர்கள் படியேறிப் போய்ப் பார்க்கிறார்கள்.